பச்சை மேசைக்கு அப்பால்

ஆடல் அரங்கிலே ஒரு பச்சை மேசை. அதைச் சுற்றிப் பத்துக் கனவான்கள். உடையோ கறுப்பு, முகத்திலோ முகமூடி, குனிவிலும் நிமிர்விலும் குறையாத நயம்! வாதிடுகிறார்கள், வணங்குகிறார்கள், இறுதியில் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார்கள். போர் மூள்கிறது. மாள்பவர் யார்? மேசையினரா? அல்லர்! போர்வீரன் மாள்கிறான், முதியவள் மாள்கிறாள், இளநங்கை மாள்கிறாள். முடிவில் மீண்டும் அதே மேசை, அதே கனவான்கள்!

ஜெர்மன் நாட்டு ஆடலாசிரியர் கூர்ட் யோஸ் 1932-இல் படைத்த 'பச்சை மேசை' இது. அவ்வாண்டே பாரிஸ் போட்டியில் முதற்பரிசு பெற்றது. 1933-இல், தம் குழுவின் யூதக் கலைஞரை விலக்குமாறு நாஜிகள் வற்புறுத்தினர். யோஸ் மறுத்தார், கலைஞரைக் கைவிடாது நாட்டைக் கைவிட்டார். இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் அவருக்குப் புகலிடமாயிற்று.

'பச்சை மேசை' இன்றும் பல நாடுகளில் ஆடப்படுகிறது. மகிழ்ச்சியே! ஆனால், ஒன்றைப் போற்றி மற்றவற்றை மறப்பது முறையா? மேசையினரைப் பழிப்பது எளிது. முகமூடி அணிந்தவன் நாமல்லவே என்று எண்ணி, கைதட்டி வீடு திரும்பிவிடலாம். யோஸின் பிற படைப்புகளோ நம்மை அவ்வளவு எளிதில் விடுவிப்பதில்லை.

அதே 1932-இல் பிறந்தது 'பெருநகரம்'. விரையும் கூட்டத்திடையே ஓர் ஏழைப் பெண். அவளை நேசிக்கும் தொழிலாளி. ஆசை காட்டி அழைக்கும் செல்வச் சிற்றின்பன். நடன மண்டபத்தில் அவளுக்குக் கிட்டுவது ஏமாற்றமே. கதை பழையது என்பீர், உண்மைதான். ஆயினும் இங்கே கொடுமை முகமூடி அணிவதில்லை. தெருவிலே நம்மோடு நடக்கிறது. இதுவே முதலில் அரங்கேற வேண்டியது. யோஸின் மகள் அன்னா மார்க்கார்ட் பேணிக் காத்த நான்கு படைப்புகளுள் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் ஜாஃப்ரி குழு 1976-இல் அந்நான்கையும் ஒரே மாலையில் ஆடிக் காட்டியதே! இயலாது என்பதற்கு இடமேது?

அடுத்து, சர்வாதிகாரத்தைப் பொருளாகக் கொண்ட 'குரோனிகா', 1939-இன் படைப்பு. இசை, ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரான பெர்தோல்ட் கோல்ட்ஷ்மிட் அமைத்தது. அதனையடுத்து, உலகப்போரின் நடுவே 1944-இல் எழுந்த 'பண்டோரா'. இசை ராபர்ட்டோ ஜெரார்டு. இவ்விரண்டின் இசை எஞ்சியது, ஆட்டம் மறைந்தது. பாட்டை ஏட்டிலே பொறிக்கலாம். ஆட்டமோ ஆடியவர் உடலோடு போய்விடும். 'பச்சை மேசை' பிழைத்ததற்கு அதன் அசைவுகளை லாபன் குறியீட்டிலே எழுதிவைத்ததும் ஒரு காரணம்.

மறைந்ததைப் புதிதாக அமைப்பது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். யோஸின் ஆட்டம் இதுவே என்று விற்றால் பொய். அவர் கருத்தையும் அவர் காலத்து இசையையும் கொண்டு இன்றையோர் அமைத்தது என்று வெளிப்படையாய் உரைத்தால் அது நேர்மை.

போருக்கு மேசையினர் பொறுப்பு, ஐயமில்லை. ஆனால், அம்மேசைக்கு அவர்களை அனுப்பிவைக்கும் நகரம் எது? அதை நம் கண்முன் நிறுத்த 'பச்சை மேசை' ஒன்று போதாது. 'பெருநகர'த்தின் திரை உயரட்டும்!