‘ஹம்ப்டே’ பின்வாங்கிய படமா?

லின் ஷெல்டனின் ‘ஹம்ப்டே’ (2009) படத்தை ஜட் அபடாவ் வழிவந்த ‘நண்பேன்டா’ நகைச்சுவைகளோடு சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெண்களை நேசிக்கும் இரண்டு ஆண்கள், சியாட்டிலின் அமெச்சூர் நீலப்பட விழாவுக்காகத் தாங்களே கேமரா முன் உறவுகொள்ளத் திட்டமிடுகிறார்கள். விடுதி அறைவரை போய்விட்டுச் செய்யாமல் திரும்புகிறார்கள். சர்ச்சையான கருவைக் காட்டி ஆளைக் கூட்டிவிட்டுக் கடைசியில் பயந்துபோன படம் என்கிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு. நீலப்படம் எடுக்கக் கிளம்பும் சாமானியர்களைப் பற்றிய நகைச்சுவைகளில், கேமரா முன் நிற்பதற்கு ஒருவன் தனக்கே சொல்லிக்கொள்ளும் காரணங்களைக் கடைசிவரை விசாரித்த படம் இதுதான்.

முன்னோடிகளை வேகமாகக் கடந்துவிடலாம். இமாமுரா ஷோஹெய் 1966இல் எடுத்த ‘தி பார்னோகிராஃபர்ஸ்’, ஒசாகாவில் எட்டு மில்லிமீட்டர் படம் எடுத்து விற்பவனை ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தது. தொழிலைவிடக் குடும்பத்தின் அழுக்கே அதில் கூடுதல். ‘பூகி நைட்ஸ்’ (1997) தொழில்முறைக்காரர்களின் கதை, இந்த வரிசையில் சேராது. பாப்லோ பெர்கரின் ‘டோரெமோலினோஸ் 73’ (2003) பெரிய பாய்ச்சல். பிராங்கோ கால ஸ்பெயினில் வீடு வீடாகப் போய்க் கலைக்களஞ்சியம் விற்கும் அல்ஃபிரெடோவும் மனைவி கார்மெனும், வேலை போய்விடும் என்ற பயத்தில், ஸ்காண்டினேவியச் சந்தைக்காகத் தங்கள் படுக்கையறையையே சூப்பர் 8இல் படமாக்குகிறார்கள். அவனுக்கு இங்மர் பெர்க்மனைப் போலப் படமெடுக்கும் ஆசை பிறக்கிறது. அவளுக்குக் குழந்தை வேண்டும். இரண்டு ஆசைகளும் ஒரே கேமராவுக்கு முன்னால் மோதும்போது சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. ஐந்தாண்டு கழித்து வந்த கெவின் ஸ்மித்தின் ‘ஸாக் அண்ட் மிரி மேக் எ போர்னோ’ அந்த வலியைத் தொலைத்துவிட்டது. வாடகை கட்ட வழியில்லாத நண்பர்கள் காசுக்காகப் படம் எடுக்கிறார்கள் என்ற தொடக்கம் நேர்மையானது. கேமரா முன் நடந்த ஒரே உறவு இருவரையும் காதலர்களாக்கியதும் வறுமை மறந்துபோய், எல்லாம் சௌகரியமாகக் கல்யாணத்தில் முடிகிறது.

‘ஹம்ப்டே’யில் காசு ஒரு காரணமே இல்லை. பென்னுக்கு (மார்க் டுப்ளாஸ்) வேலை, மனைவி, வீடு எல்லாம் உண்டு. ஊர்சுற்றும் கலைஞனான ஆண்ட்ரூ (ஜோஷுவா லெனர்ட்) நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறான். ஒரு விருந்தில் போதையில் பிறந்த யோசனை, விடிந்தபின் மானப் பிரச்சினையாகிறது. குடும்பஸ்தனாகி அடங்கிவிடவில்லை என்று காட்ட பென்னுக்கு இது வேண்டும். கலைஞன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றையாவது முடித்தாக வேண்டும் என்பது ஆண்ட்ரூவின் தவிப்பு. பென்னின் மனைவி அன்னாவிடம் (அலிசியா டெல்மோர்) ஆண்ட்ரூ வாய்தவறி உளறும் காட்சியில் ஷெல்டனின் கைவண்ணம் முழுதாகத் தெரிகிறது. பாத்திரங்களை நடிகர்களோடு சேர்ந்து வளர்த்து, காட்சியின் போக்கை மட்டும் வகுத்துக்கொண்டு, வசனத்தை அவர்கள் வாயிலேயே பிறக்கவிட்டவர் அவர். இது சோம்பல் என்று, இவ்வாறு எடுக்கப்படும் ‘மம்பிள்கோர்’ வகைப் படங்கள் எல்லாவற்றின்மீதும் பழி போடுபவர்கள், ஷெல்டன் படத்தொகுப்பிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர் என்பதை மறக்கிறார்கள். அன்னாவுக்குச் செய்தி உறைக்கும்வரை அந்தக் காட்சி காத்திருக்கிறது. அந்தப் பொறுமை தற்செயலாக வருவதில்லை.

எதிர்பால் ஈர்ப்புள்ள இருவரின் பந்தயத்துக்கு ஓரின விருப்பம் பகடையாக்கப்படுகிறது என்ற எதிர்வாதம் கனமானது. ஆனால் படம் அந்த விருப்பத்தைப் பார்த்து ஒருமுறையும் சிரிப்பதில்லை. சிரிப்பெல்லாம் அந்த இருவரின் வீறாப்பைப் பார்த்துத்தான். வீடியோ கடை ஊழியர் ஒருவர்மீது முன்பு தனக்கு ஏற்பட்ட ஈர்ப்பை பென் அன்னாவிடம் சொல்லும்போது, காட்சி அதைக் கேலியாக்காமல் முழுக் கவனத்தோடு கேட்கிறது. விடுதி அறையில் இருவரும் முத்தமிட்டுப் பார்க்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், இதை ஏன் செய்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். சொல்ல முடிந்த ஒவ்வொரு காரணமும் அவர்கள் வாயாலேயே உதிர்கிறது. செய்து முடித்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது, வீறாப்பு வென்றதாக ஆகியிருக்கும். அபடாவ் பாணிப் படங்களில் நட்பு கடைசியில் காப்பாற்றப்படும் ஒரு பொருள். இங்கே நட்பின் பெயரால் சொல்லப்பட்ட பொய்கள் உரிக்கப்படுகின்றன. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற இப்படத்தை, 2020இல் 54 வயதில் ஷெல்டன் இறந்தபின்னும் நண்பர்கள் படமென்றே முத்திரை குத்துவது அநியாயம். திருமணத்தை விசாரிக்கும் படமாக ‘டோரெமோலினோஸ் 73’க்குப் பக்கத்தில் வைத்துத்தான் விழாக்கள் இதைத் திரையிட வேண்டும், கார்மெனும் அன்னாவும் அடுத்தடுத்துத் திரையில் தோன்றினால், கணவனின் ஆசைக்கு மனைவி கொடுக்கும் விலை எது என்பதைப் பார்வையாளர்களே பார்த்துக்கொள்வார்கள்.