சேலை உடுத்திய பெரியநாயகி

விழுப்புரமும் திண்டிவனமும் பழைய தென்னார்க்காட்டில் இருந்தபோது, கோணான்குப்பமும் அதே மாவட்டம்தான். விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள இந்தச் சிற்றூரில் மாதா கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி, 'தேம்பாவணி' பாடியவர்.

எனக்கு இங்கே பிடித்தது சுரூபம். கையில் குழந்தையோடு, சேலை உடுத்தி நிற்கிறாள் மாதா. நம் ஊர்த் தாயாகவே அவளை நினைத்துப் பார்த்த முனிவரின் மனம் எவ்வளவு பெரியது! படம் வரைந்து அனுப்பி மணிலாவில் செய்வித்தார் என்பது மரபு. விருத்தாசலம் கோயில் அம்மனைப் போலவே இவளுக்கும் பெரியநாயகி என்றுதான் பெயர்.

ஜப்பானிலும் மரியாள் உள்ளூர் உருவம் கொண்டாள்; கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட காலத்துக் கிறிஸ்தவர்கள், கன்னோன் என்னும் பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலையில் அவளைக் கண்டார்கள். அங்கே அது உயிருக்கு அஞ்சிய மறைப்பு; இங்கே மனம் உவந்து செய்தது.

கோணான்குப்பத்தில் திருவிழா ஜனவரி 23. கூட்டமில்லாத வேறொரு நாளில் போங்கள். சுரூபத்தை நிதானமாகப் பார்க்கலாம்.