ஆட்டுக்கால் சூப்
ஆட்டுக்கால் சூப்பின் ருசி பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கால்களை நெருப்பில் வாட்டி, கருகிய மயிரைக் கத்தியால் சுரண்டி, மஞ்சள்தூள் தேய்த்துக் கழுவ வேண்டும். பல ஊர்களில் கறிக்கடையிலேயே வாட்டி, வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாட்டலின் புகைவாசம் எலும்பில் தங்கி, கடைசிவரை சாற்றில் லேசாகத் தெரியும்; தெரியவும் வேண்டும்.

அதன் பிறகு எல்லாம் பொறுமைதான். காலில் கறி அதிகம் கிடையாது. தோலும் தசைநாரும் எலும்புமே. அவற்றிலுள்ள கொலாஜன் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்துதான் ஜெலட்டினாகக் கரைகிறது. தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வெடித்தால் போதும். குக்கர் நேரத்தை வெகுவாகக் குறைக்கும், அதில் தவறில்லை. ஆனாலும் திறந்த பானையில், திரளும் நுரையை அவ்வப்போது அள்ளியெடுத்து வைத்த சாற்றின் தெளிவு தனி. தட்டிய சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் முதலிலேயே போய்விடும். மிளகையும் சீரகத்தையும் அம்மியில் கொரகொரப்பாக நுணுக்கி, இறக்கும் சமயத்தில் சேர்ப்பதே அழகு. முன்னதாகப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். பதம் பார்க்க விரல் போதும்: ஒரு சொட்டைத் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். குடிக்கையில் உதட்டிலும் அதே ஒட்டல். மிளகின் காரம் தொண்டையில் சற்றுத் தாமதித்தே ஏறும். மிஞ்சிய சாறு ஆறினால் கட்டியாக உறையும், சூடு காட்டினால் மறுபடி நெகிழ்ந்துகொடுக்கும்.