சொல்வளமும் சொல்லாடம்பரமும்

இலக்கிய விமர்சனம் கவிதை, நாவல், சிறுகதை என்பவற்றோடு நின்றுவிட வேண்டுமென எவரும் விதி வகுக்கவில்லை. மக்கள் எந்த எழுத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்களோ, எந்த எழுத்தை இரவு விழித்திருந்து படிக்கிறார்களோ, அந்த எழுத்தும் விமர்சகனின் ஆய்வுக்கு உரியதே. அவ்வாறு நோக்குமிடத்து, எம் இளைஞர் இன்று பெரிதும் படிக்கும் நூல்வகைகளுள் ஆங்கிலச் சொற்பட்டியலும் ஒன்றாகும். புத்தகக் கடையில் அச்சு நூலாகவும், தனியார் கல்வி நிலையத்தில் நிழற்பிரதியாகவும், கைத்தொலைபேசியில் கோப்பாகவும் அது உலவுகிறது. அதன் அமைப்பு எங்கும் ஒன்றே. இடப்பக்கத்தில் எளிய சொல். வலப்பக்கத்தில் அதற்குப் பதிலாக எழுத வேண்டிய பெருஞ்சொல். இடப்பக்கத்தை மறந்து வலப்பக்கத்தை மனனம் செய்தால் உயர்புள்ளி கிட்டும் என்பது அதன் வாக்குறுதி. இந்த வாக்குறுதி எவ்வளவு உண்மையானது, இது எம் மாணவரின் மொழியையும் சிந்தனையையும் என்ன செய்கிறது என்பதே இங்கு எமது விசாரணை.

இந்நூல்களை நாடுவோரை நாம் நகையாட முற்படவில்லை. அவர்களின் அச்சத்துக்குத் தக்க காரணம் உண்டு. 1989 இல் தொடங்கிய ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை, பிரித்தானியக் கவுன்சில், கேம்பிரிட்ஜ், அவுஸ்திரேலியாவின் ஐ.டி.பி. ஆகிய மூன்று நிறுவனங்களின் கூட்டுடைமை. பூச்சியம் முதல் 9 வரை, அரைப் புள்ளிகளாக அது மனிதரைத் தரம் பிரிக்கின்றது. எழுத்துத் தேர்வில் 60 நிமிடங்களில் இரண்டு ஆக்கங்கள் எழுத வேண்டும். இரண்டாவது 250 சொற்களுக்குக் குறையலாகாது. புள்ளியிடும் அளவுகோல்கள் நான்கு. அவற்றுள் சொல்வளம் ஒன்று. ஆகவே எழுத்துப் புள்ளியில் காற்பங்கு சொல்லுக்கே உரியது. பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும், பயிற்சி பெற்ற தாதி ஒருத்திக்கு வேறொரு நாட்டில் தொழிற்பதிவு கிடைப்பதும் பல வேளைகளில் ஓர் அரைப் புள்ளியில் தொங்குகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் தாதியர், மருத்துவிச்சியர் பேரவை எழுத்துத் தேர்வில் 7 புள்ளி கேட்டு வந்தது. 2018 இன் இறுதியில் அதை 6.5 ஆகக் குறைத்தது. நேற்றுத் தகுதியற்றவளாயிருந்தவள் இன்று தகுதியுடையவள் ஆனாள். இடையில் அவளுடைய ஆங்கிலம் மாறவில்லை. கோட்டை வரைந்தவர்களின் தேவையே மாறிற்று. இத்தகைய கோட்டின் முன் நிற்பவர்கள் எதையாவது பற்றிக்கொள்ள விழைவது இயல்பு. அந்த விழைவை விலைபேசுவோரையே நாம் கேள்வி கேட்கிறோம்.

அந்த அளவுகோல் உண்மையில் எதைக் கேட்கிறது? புள்ளியிடும் விவரணங்கள் பகிரங்கமாக வெளியிடப்பட்டுள்ளன, எவரும் படிக்கலாம். அருகி வழங்கும் சொற்களைக் கையாளும் திறனை அவை மதிக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அத்தோடு அவை நிற்கவில்லை. சொல் பொருளுக்குத் துல்லியமாகப் பொருந்துகிறதா, தன்னோடு சேர்ந்து வரவேண்டிய சொற்களோடு வருகிறதா, நடைக்கு ஒத்துப்போகிறதா என்பவற்றையும் நோக்குகின்றன. மனப்பாடத் தொடர்களில் தங்கிநிற்பதைக் கீழ்ப்படிகளின் அடையாளமாகவே கொள்கின்றன. பட்டியல் விற்போர் இவற்றுள் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டனர்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 'பல' என்ற பொருளுக்கு 'பிளெதோரா' என எழுதுமாறு பட்டியல் பணிக்கிறது. அச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்து, ஒரு காலத்தில் உடலில் குருதி மிகுந்துபோன நோய்நிலையைக் குறித்தது. இன்றும் 'மிகையாக' என்ற சாயல் அதைவிட்டு நீங்கவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை நிலவும் பாடசாலையைப் பற்றி எழுதும் மாணவன், முன்பு பல ஆசிரியர்கள் இருந்தனர் என்று கூற இச்சொல்லைக் கையாண்டால், தேவைக்கு மிஞ்சி இருந்தனர் என்று பொருள்பட்டு அவனுடைய வாதமே கவிழ்ந்துவிடும். 'புகழ்பெற்ற' என்பதற்கு 'நொட்டோரியஸ்' என்று மனனம் செய்தவன், தன் தந்தையைப் போற்றப் புகுந்து அவரை இழிபுகழ் கொண்டவராக்கி விடுவான். தமிழில் இதன் விபரீதம் எமக்கு உடனே விளங்கும். 'சிரித்தார்' என்பதற்கு மாற்றாக 'இளித்தார்' என்று தலைமையாசிரியரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. சொற்கள் கூடிவாழும் முறையும் மொழிக்கு மொழி வேறுபடும். நாம் 'சாயம் கூடிய தேநீர்' என்பதை ஆங்கிலேயர் வலிமையான தேநீர் என்பர். ஆனால் மழையை வலிமையான மழை என்னாது பாரமான மழை என்பர். இந்த உறவுமுறையை இரு பக்கப் பட்டியல் ஒருபோதும் கற்பிக்காது.

சொற்களைத் தொகுத்து மனனம் செய்தல் எமக்குப் புதிதன்று என்று சிலர் வாதிக்கலாம். திவாகரம், பிங்கலம், சூடாமணி எனும் நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளி மாணவர் ஒப்புவிக்கவில்லையா என்று கேட்கலாம். ஒப்புவித்தனர். ஆனால் நிகண்டு கற்றவன் அடுத்த படியில் நூல் கற்றான். ஆசிரியரின் முன்னிலையில் செய்யுளிலே அச்சொல்லை உயிரோடு சந்தித்தான். களிறும் பிடியும் யானையின் பெயர்களே எனினும், ஒன்று ஆண், மற்றையது பெண் என்ற வேறுபாடு அவனுக்குப் புலனாயிற்று. இன்றைய பட்டியலோ நூலற்ற நிகண்டு. படிகளை மட்டும் கட்டிவிட்டு வீட்டைக் கட்டாமல் விட்டதற்கு அது ஒப்பாகும்.

சொற்பட்டியல் என்ற முயற்சியே பழுதானது என்று நாம் கூறவரவில்லை. அதற்கு மேன்மையான ஒரு வரலாறும் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலக் கல்வியாளர், பிரித்தானியர் ஆட்சிக்கால வங்காளத்தில், டாக்காவில் பணிபுரிந்தவர். வங்காள மாணவர் பலர் கல்வியை இடையில் விட்டுச் செல்வதைக் கண்டு, காப்புறுதித் துறையிலிருந்து ஓர் எண்ணத்தை அவர் கடன் வாங்கினார். காப்புறுதிப் பத்திரத்தை இடையில் கைவிடுபவனுக்கும் ஏதோ ஒரு தொகை கிடைக்கிறது. அதுபோல, கல்வியை எந்தப் படியில் விட்டுச் செல்பவனுக்கும் அதுவரை கற்றது பயன்பட வேண்டும் என்றார். எளிய வாசிப்பையே அவர் முதன்மைப்படுத்தினார். 1953 இல் வெளிவந்த அவருடைய பட்டியல் ஏறத்தாழ 2000 பொதுச்சொற்களைக் கொண்டது. பின்னர், நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட், 35 இலட்சம் சொற்கள் அடங்கிய புலமைசார் எழுத்துகளை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவருடைய ஆய்வு தரும் கணக்கு கவனத்துக்குரியது. அவர் ஆராய்ந்த புலமைசார் எழுத்துகளில் ஏறத்தாழ 76 சதவீதத்தை வெஸ்ட் தொகுத்த பொதுச்சொற்களே நிரப்புகின்றன. கொக்ஸ்ஹெட்டின் 570 குடும்பங்கள் ஏறத்தாழ 10 சதவீதத்தை நிரப்புகின்றன. 'பிளெதோரா'வுக்கு இவ்விரண்டாவது பட்டியலில் இடமில்லை; 'எங்கும் நிறைந்த' என்பதற்கு எம் மாணவர் ஆசையோடு எழுதும் 'யூபிக்விட்டஸ்' என்பதற்கும் இடமில்லை. ஆராய்ச்சி சுட்டும் அடித்தளம் ஓரிடத்தில் இருக்க, வணிகம் சுட்டும் அலங்காரம் வேறோரிடத்தில் இருக்கிறது. 2000 பொதுச்சொற்களை எல்லாப் பொருளிலும் எல்லா வடிவத்திலும் தயக்கமின்றிக் கையாளும் திறன் வாய்க்குமுன் அலங்காரத்துக்குத் தாவுவது, சோறில்லாத வீட்டில் வெற்றிலைத் தட்டம் வாங்குவது போன்றதே.

இனி, இப்பிரச்சினையின் சமூக வேரை நோக்குவோம். கொக்ஸ்ஹெட்டின் பட்டியலில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட சொற்கள் கிரேக்க, இலத்தீன் வழியில் வந்தவை. இங்கிலாந்தின் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கே இவ்வகைச் சொற்கள் வேலியாக நிற்கின்றன என்று டேவிட் கோர்சன் 1985 இல் ஒரு நூலில் வாதித்தார். புத்தகம் உள்ள வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அச்சொற்கள் உணவு மேசைப் பேச்சிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மற்றப் பிள்ளை அவற்றை வேலிக்கு வெளியே நின்று கேட்கிறது. தாய்மொழியாக ஆங்கிலத்தைக் கொண்டோரிடையே நிலை இதுவாயின், இலங்கைக் கிராமத்துப் பிள்ளையின் நிலை சொல்லாமலே விளங்கும். பேராதனை மாணவர் ஆங்கிலத்தைச் சிங்களத்தில் 'கடுவ', அதாவது வாள், என்று குறிப்பிட்டனர். தம்மை வெட்டி வீழ்த்தும் கருவியாக அம்மொழியைக் கண்ட கசப்பு அப்பெயரில் உண்டு. திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வழக்கை ஆராய்ந்து, ஆங்கிலத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். வாளுக்கு அஞ்சுபவனிடம் இன்று பட்டியல் வணிகர் விற்பது கூத்துமேடைக்குரிய அட்டைக் கத்தி. அது மினுங்கும், வெட்டாது.

அதனிலும் வருந்தத்தக்கது, எம் மாணவர் வெறுங்கையோடு வருகின்றனர் என்ற தவறான எண்ணம். க.பொ.த. உயர்தரத்தைத் தமிழில் கற்ற மாணவன் எண்ணக்கரு, கருதுகோள், காரணி, மாறி, பகுப்பாய்வு ஆகிய சொற்களை அறிந்தவன். அவற்றைக் கொண்டு சிந்தித்தவன். சுயமொழிக் கல்விக்காக எம் முன்னோர் ஆக்கிய கலைச்சொற்களின் பயன் அது. கொக்ஸ்ஹெட்டின் பட்டியலில் முன்னணியில் நிற்பனவற்றுள் இக்கருத்துகளின் ஆங்கிலப் பெயர்களும் உள. பொருள் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெயரை மட்டும் அவன் கற்றால் போதும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாலம் கட்ட இதைவிட உறுதியான கரை வேறென்ன வேண்டும்? எனினும், ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசுவது குற்றமெனக் கருதும் நிலையங்கள் இக்கரையைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999 இல் வெளியிட்ட நூல் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தம் மாணவர் அமெரிக்க ஆங்கிலப் பாடநூலொன்றின் ஓரங்களில் கிறுக்கியவற்றை அவர் ஆராய்ந்தார். பாடநூல் காட்டிய அந்நிய வாழ்வை அம்மாணவர் வாளாவிருந்து ஏற்கவில்லை. தம் சூழலையும் தம் கற்பனையையும் அதன் ஓரத்தில் எழுதி வைத்தனர். கற்பவன் வெற்றுப் பாத்திரம் அல்லன் என்பதற்கு அந்த ஓரங்களே சாட்சி.

எமது வகுப்பறை அனுபவமும் இதையே காட்டுகின்றது. சுற்றாடல் பற்றிக் கட்டுரை எழுதிய மாணவியொருத்தி, பட்டியலின் பெருஞ்சொற்கள் எட்டையும் முதற் பந்தியிலேயே இறக்கி வைத்திருந்தாள். உலகம் முழுவதும் அதில் இருந்தது. அவளுடைய ஊர் இல்லை. உங்கள் ஊர்க் கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று தமிழில் கேட்டோம். நீர் உவர்ப்பாகி வருவதையும், இயந்திரம் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைப்பதையும், கடல்நீர் உட்புகுவதையும், வெங்காயச் செய்கை படும் பாட்டையும் பத்து நிமிடம் தடையின்றிக் கூறினாள். அவளுக்குத் தேவைப்பட்ட ஆங்கிலச் சொற்கள் உப்பு, கசிவு, ஆழம், இறைத்தல், விளைச்சல் என்பன. அவற்றுட் பெரும்பாலானவை அவளுக்குத் தெரிந்தவையே. அவை 'சிறிய சொற்கள்' என்பதால் அவற்றை எழுத அவள் வெட்கப்பட்டாள். பட்டியல் அவளுக்குக் கற்பித்தது சொல்லை அன்று, வெட்கத்தை.

இவ்வெட்கத்தை நாம் முன்பும் கண்டிருக்கிறோம். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டபோது, பண்டிதர் சிலர் அதனை இழிசனர் வழக்கென்று பழித்தனர். அந்த மரபுப் போராட்டத்தில் வாழ்வோடு ஒட்டிய சொல்லே வென்றது. தமிழில் நாம் வென்ற அக்கொள்கையை ஆங்கிலத்தில் கைவிடுவது முரண். ஆங்கிலத்திலும் தரமான உரைநடையின் போக்கு அதுவே. ஜோர்ஜ் ஓவெல் 1946 இல் எழுதிய கட்டுரையில் வீண் பகட்டான நடையைக் கடுமையாகக் கண்டித்தார். 2006 இல் டானியல் ஒப்பன்ஹைமர் வெளியிட்ட ஆய்வில், தேவையின்றி நீண்ட சொற்களைப் பெய்து எழுதியவரை வாசகர் அறிவிற் குறைந்தவராகவே மதித்தனர் என்பது தெரியவந்தது.

பரீட்சைக்கு மூன்று மாதமே இருக்க, வாசிப்பு, பாலம் என்றெல்லாம் பேசுவது நடைமுறைக்கு உதவுமா என்று கேட்கலாம். உதவும். நாளுக்கு 20 சொற்களை விழுங்குவதிலும், தான் அறிந்த ஒரு பொருள் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றை வாசித்து, அதிலிருந்து மூன்று சொற்களை அவை வந்த வாக்கியத்தோடே எழுதிவைப்பது மேல். எச்சொல் எச்சொல்லோடு சேர்கிறது, அது புகழ்கிறதா இகழ்கிறதா, தமிழில் அதன் நேர்ச்சொல் எங்கே பிரிந்து போகிறது என்று அருகிலே குறிக்க வேண்டும். அடுத்த வாரம் அதே சொல்லை வேறொரு கட்டுரையில் சந்திக்க வேண்டும். பின்னர் தன் ஊரைப் பற்றிய வாக்கியத்தில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குத் தனிமனித முயற்சி மட்டும் போதாது. ஆங்கில ஆசிரியரே இல்லாத பாடசாலைகளுக்கு ஆசிரியரும், ஊர் வாசிகசாலைகளுக்கு எளிய ஆங்கில நூல்களும் கிடைக்காதவரை, பட்டியல் வணிகத்தின் சந்தை சுருங்காது.

வெஸ்டின் அளவுகோலையே இறுதியில் கையிலெடுப்போம். அரைப் புள்ளியால் தோற்றுத் திரும்பும் இளைஞன் ஒருவனிடம் எஞ்சுவது என்ன? பட்டியலை மனனம் செய்தவனிடம், எங்கும் பொருந்தாத சில நூறு சொற்கள் எஞ்சும். அவையும் ஓராண்டில் உதிர்ந்துவிடும். வாசிக்கப் பழகியவனிடம் ஒரு மொழி எஞ்சும். மருந்துப் பெட்டியின் அறிவுறுத்தலையும், தொழில் ஒப்பந்தத்தின் நிபந்தனையையும், உலகின் அறிவையும் அவன் தானே படித்தறிவான். எந்தப் போதனை தோற்றவனையும் வெறுங்கையோடு அனுப்பவில்லையோ, அதுவே கல்வி.