உப்புக்காற்றில் ஒரு கம்பி வலை வேலி

மீஞ்சூர் ஒன்றியத்துக் காட்டூர்ப் பக்கத்திலும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களிலும் வீடு கட்டி முடித்தவர்களுக்கு அடுத்த கவலை, சுற்றிலும் என்ன போடுவது என்பதுதான். சுற்றுச்சுவர் எழுப்பக் காசு போதாது. பனையோலைப் படலைப் பிரித்துக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. ஆகவே கம்பி வலை வேலிக்கு வருகிறார்கள். கடைக்காரர் வாயில் அது ‘செயின்லிங்க்’. வேலிக்கால்களை ஊன்றி, சுருளை விரித்து, இழுத்துக் கட்டினால் சில நாளில் வேலை முடிந்துவிடும். ஒருமுறை செலவு செய்தால் பிள்ளைகள் காலம் வரை நிற்கும் என்று நம்பிக் கடன் வாங்கியும் போடுகிறார்கள். அந்த நம்பிக்கை இந்தக் கரையில் நிறைவேறுவது அரிது. கம்பியின் தரம் அதற்கு ஒரு காரணம். எந்தப் பக்கம் வேலி வேண்டும், எந்தப் பக்கம் வேண்டாம் என்று யோசிக்காமல் நான்கு பக்கமும் ஒன்றுபோல அடைத்துவிடுவது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த வேலியின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையான சிறப்பு. 1844-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் சார்லஸ் பர்னார்டு என்பவர் துணி நெய்யும் தறியைப் பார்த்துக் கம்பியை நெய்யும் இயந்திரத்தைச் செய்தார் என்பது வரலாறு. நாரிச் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். (டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்ததும் இந்தக் கரையின் துணி வணிகத்துக்காகத்தான். நெசவால் பெயர் பெற்ற ஒரு கரைக்கு, நெசவிலிருந்து பிறந்த வேலி இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.) நெய்த பொருள் என்பதால் இதற்கு ஒரு அருமையான குணம் உண்டு. நடுவில் ஒரு கம்பி அறுந்தால் முழு வேலியையும் கழற்ற வேண்டாம். மேல்முனையின் மடிப்பை நிமிர்த்தி, அந்த ஒற்றைக் கம்பியைத் திருகித் திருகி உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியை அதே வழியில் திருகி இறக்கினால் போதும். கிழிந்த கண்ணியை மட்டும் வெட்டி முடிந்து வலையைக் கடலுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இந்த வேலை கைவந்த கலை.

காற்றும் நீரும் இதில் தடையில்லாமல் போகும். இரண்டங்குலக் கண்ணியில் 12 கேஜ் கம்பி, அதாவது சுமார் 2.6 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், வேலியின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் திறப்புதான். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையருகே கரையேறியபோது அடித்தது போன்ற காற்றில், ஆழமான அடித்தளம் இல்லாத சுவர் மொத்த அடியையும் தாங்கிக்கொண்டு சாயும். கம்பி வலை காற்றை விட்டுவிட்டு நிற்கும். ஆரணி ஆற்று வெள்ளம் ஏரிக்கு இறங்கி, முகத்துவாரம் அடைபட்டு நீர் தேங்கும் மழைக்காலத்தில், சுற்றுச்சுவர் வீட்டுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், வலை வடியவிடும். வெள்ளத்தில் மிதந்து வரும் ஆகாயத்தாமரையும் கிழிந்த நைலான் வலையும் பிளாஸ்டிக் குப்பையும் கண்ணிகளில் அப்பிக்கொண்டால் மட்டும் இந்த நன்மை போய்விடும். அப்போது அதுவும் சுவர்தான், அடித்தளம் இல்லாத சுவர். மழைக்கு முன்பும் பின்பும் வேலியைக் கையால் துப்புரவு செய்ய ஆள் இருக்கும் வீட்டுக்கே இந்தச் சிறப்பு முழுதாகக் கிட்டும்.

இனி உப்பு. கம்பியைக் காப்பது அதன் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை கிராம் துத்தநாகம் என்பதே ‘ஜிஎஸ்எம்’ கணக்கு. ஏறத்தாழ 7 கிராம் இருந்தால் பூச்சின் கனம் ஒரு மைக்ரான். ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரநிலை காற்றின் அரிக்கும் தன்மையை வகை பிரிக்கிறது. கடலோரத்துக்குரிய கடுமையான வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். அதைவிடத் தீவிரமான வகையும் உண்டு, அதில் 25 மைக்ரான் வரை போகும். இனிக் கணக்கை நாமே போடலாம். 60 ஜிஎஸ்எம் கம்பியில் பூச்சின் கனம் எட்டரை மைக்ரானுக்குக் கீழே. அந்த வகைக் காற்றில் அது ஓரிரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். 270 ஜிஎஸ்எம் என்றால் நாலரை முதல் ஒன்பது ஆண்டு. கடலிலிருந்து உள்ளே தள்ளிப்போகப் போக உப்பு வேகமாகக் குறையும். அதனால் காட்டூர் வயல் நடுவே நிற்கும் வேலிக்கும் அலையோரக் குப்பத்தில் நிற்கும் வேலிக்கும் ஒரே கம்பியைப் பரிந்துரைப்பது சரியில்லை.

ஆனால் நடப்பது அதுதான். கடையில் பேச்சு கேஜைப் பற்றியே இருக்கும். 10 கேஜ் தடி, 12 கேஜ் மெலிசு, கிலோவுக்கு இத்தனை ரூபாய். பூச்சு எத்தனை கிராம் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. கடலோரத்தில் வேலியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் கேஜுக்கு இரண்டாம் இடமே உண்டு. இந்த வேலி வலைக்கென்றே ஐஎஸ் 2721 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், மண்டபத்தில் கடல் அரிப்பை ஆராய அதன் பிரிவும் இயங்கும் மாநிலம் இது. அந்த அறிவு பொன்னேரி கடைத்தெரு வரை வந்து சேராதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் துரு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். வலையின் நடுப்பரப்பு சாம்பல் நிறத்தில் நன்றாகவே இருக்கும். இரண்டு கம்பிகள் பின்னிக்கொள்ளும் முடிச்சுகளில் பனித்துளியும் உப்பும் தங்கும். காற்றில் அவை ஒன்றோடொன்று உரசிப் பூச்சு தேயும். முதலில் வெள்ளைப் பொடி, பிறகு அதே இடத்தில் செம்மண் நிறப் புள்ளி. அதற்கும் முன்னால் போவது கட்டுக்கம்பி. வலையைக் காலோடும், கால்களுக்கு நடுவே இழுத்த லைன் கம்பியோடும் சேர்த்துக் கட்ட, கம்பி கட்டும் வேலையில் மிச்சமான கறுப்புக் கட்டுக்கம்பியை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பூச்சே கிடையாது. ஒரு மழைக்காலம் போனால் விரல் பட்டாலே உதிரும். வலை நன்றாக இருக்க, கட்டு விட்டுப்போய் வேலி வயிறு தள்ளித் தொங்கும். பல ஆயிரம் ரூபாய் வேலியைச் சில நூறு ரூபாய்க் கட்டுக்கம்பி கெடுத்துவிடுகிறது. பூச்சு உள்ள கம்பியாலேயே கட்ட வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரு வார்த்தை சொன்னால் தவிர்க்கக்கூடிய கேடு இது.

சிமெண்ட் காலும் இப்படித்தான். உள்ளிருக்கும் கம்பிக்கு மேல் ஓரங்குலக் கனம்கூட இல்லாத காலுக்குள் உப்பு இறங்கும். இரும்பு துருவாகும்போது பருமன் பெருகி, காலை நெடுகப் பிளக்கும். கருங்கல் காலுக்கு இந்த நோய் இல்லை. கனமும் வண்டிக் கூலியும் கூடுதல்தான், ஆனாலும் இந்தக் கரையில் நான் கல்காலுக்கே ஓட்டுப் போடுவேன். மணல் தரையில் வழக்கமான ஒன்றரை அடிக் குழி போதாது. மூலைக்கால்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட பச்சைக் கம்பி கண்ணுக்கு அழகு. ஆனால் வெட்டிய முனையிலும் கீறல் விழுந்த இடத்திலும் உப்பு நுழைந்து உறைக்கு அடியில் அரிப்பதை நாம் பார்க்கவே முடியாது. கம்பி ஒடியும்போதுதான் தெரியும். துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் கலந்த பூச்சு இவற்றையெல்லாம் விட நல்லது. சின்னக் கடைகளில் அது கிடைக்க வேண்டுமே! மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வேலியைக் கழுவச் சொல்லும் அறிவுரையும் உண்டு. நிலத்தடி நீரே உப்பாகிப் போன, குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர்களில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாம் காசு கொடுத்துத் திருத்தக்கூடிய குறைகள். காசால் தீராத குறை ஒன்று உண்டு. கம்பி வலை மணலைப் பிடிக்காது. மணற்குன்று வளர்க்க உலகெங்கும் போடும் தடுப்புகளில் ஏறத்தாழப் பாதி அடைப்பு, பாதி திறப்பு இருக்கும். காற்று அதில் வேகம் தளர்ந்து மணலைப் போட்டுவிட்டுப் போகும். பனையோலைப் படலும் தென்னங்கீற்றும் தாழம்புதரும் செய்வது இதே வேலை. பத்தில் ஒன்பது பங்கு திறப்புள்ள கம்பி வலையில் காற்றோடு மணலும் போய்விடும். நாலைந்து ஆண்டு ஓலை வேலி நின்ற இடத்தில் முழங்கால் உயர மேடு கண்ட வீட்டுக்காரர், அதைக் கழற்றிவிட்டுக் கம்பி போட்டால் மேடு கரையக் கரையப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சுனாமிக்குப் பிறகு அலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மேடு இருப்பதன் மதிப்பை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓலை வேலியைப் புகழும்போது அதன் பாட்டையும் மறைக்கக் கூடாது. கரையான் தின்னும், தீப்பொறி பட்டால் போச்சு, ஆடு மேயும், பிரித்துக் கட்டும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும். அந்தப் பாட்டிலிருந்து தப்பிக்க நினைப்பவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

அடுத்தது வழி. படகு ஏற்றும் திடல், வலை காயும் இடம், கருவாடு பரப்பும் மணல், தண்ணீருக்கு இறங்கும் ஒற்றையடிப்பாதை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பட்டா கிடையாது, பழக்கமே பத்திரம். பழவேற்காட்டு மீனவர்கள் தண்ணீரையே முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை உள்ளவர்கள். இன்று இவருக்கு இந்த இடம், அடுத்த முறை வேறொருவருக்கு. (அந்த முறைக்குள் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். அதனால்தான் பொதுப்பாதை அவர்களுக்கு இன்னும் அவசியம்.) ஓலைப் படலில் ஒரு சந்து விடுவது எளிது. இழுத்துக் கட்டிய கம்பி வலையில் சந்து விட்டால் இழுவிசையே போய்விடும், ஆகவே யாரும் விடுவதில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டு தடையின்றி, தன் உரிமையாக நடந்து வந்த வழிக்கு உரிமை தருகிறது. அதை நிரூபிக்க நீதிமன்றப் படியேறுவதை எந்தக் குப்பத்துக் குடும்பமும் விரும்புவதில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து நிற்கும் ஊர்கள் இவை. பெரிய வேலி கரையை அடைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். சின்ன வேலிகள் பத்து சேர்ந்தாலும் நடப்பது அதே அடைப்புதான் என்று பேசுவது கடினம், ஏனென்றால் அங்கே எதிரில் நிற்பவர் மாமனோ சித்தப்பாவோ.

ஆகவே என் யோசனை இது: வீட்டின் தெருப் பக்கமும் தோட்டப் பக்கமும் கம்பி வலை தாராளமாக இருக்கலாம். நாயும் மாடும் புகாமல் காக்க அதைவிட நல்லது இல்லை. 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத பூச்சு, கல்கால், பூச்சுள்ள கட்டுக்கம்பி, தரையிலிருந்து இரண்டு விரல் இடைவெளி, இவ்வளவும் வேண்டும். காசு குறைந்தால் வேலியின் நீளத்தைக் குறைக்கலாம், பூச்சைக் குறைக்கக் கூடாது. ஏரியும் கடலும் இருக்கும் பக்கத்தில் கம்பி வேண்டாம் என்பேன். அங்கே தாழை, நொச்சி, பூவரசு, அவை வேர் பிடிக்கும் வரை ஓலைப் படல். முகத்துவாரம் இடம் மாறும், கரை ஏறும், இறங்கும். அந்தப் பக்கம் நட்ட கல் எதுவும் எல்லையாக நிலைப்பதில்லை.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்து 2011-இலும் 2019-இலும் மாறிய ஒன்று. மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் திடல்களையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொல்லும் நெறிமுறைகள் அதன் கீழ் இருக்கின்றன. அந்தக் குறிப்பு முழுமையாக ஏறும் முன்பே ஒவ்வொரு வீடும் கால் ஊன்றிவிட்டால், அளக்க வருகிறவர் வேலியைத்தான் அளப்பார். பாதையும் படகுத் திடலும் எங்கே என்பதைக் கிராமசபை முதலில் தீர்மானமாக எழுதட்டும், குழி வெட்டுவது அதற்குப் பிறகு.