லாயத்து விடியல்கள்

1973-இல் விளையாட்டுச் செய்தியாளர் வில்லியம் நாக் எழுதிய குதிரைப் பந்தயச் செய்திகளுக்குப் பின்னால் எத்தனையோ விடியற்காலைகள் இருக்கின்றன. வைக்கோல் வாசம், செக்ரடேரியட் என்ற பந்தயக் குதிரையின் உடம்பைப் பராமரிப்பாளர் எடி ஸ்வெட் தேய்த்துவிடும் பிரஷ்ஷின் சரசரப்பு, செந்நிறத் தோலில் மெல்ல ஏறும் பளபளப்பு. அருகிலேயே நின்று பொறுமையாகக் குறிப்பெடுப்பார் நாக். ஒருமுறை செக்ரடேரியட் அவர் நோட்டுப் புத்தகத்தையே பல்லால் கவ்விக்கொண்டது! எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன அங்கீகாரம் வேண்டும்?

பெல்மான்ட் பந்தயத்தில் அது 31 குதிரை நீளம் முந்தி ஜெயித்ததை எல்லாரும் எழுதினார்கள். அந்தக் குதிரையின் மூச்சையும் குறும்பையும் சேர்த்து எழுத, லாயத்தில் பழகிய கை வேண்டியிருந்தது. 1989-இல் அது இறந்தபின் அவர் எழுதிய 'ப்யூர் ஹார்ட்' கட்டுரை அழுகையை மறைக்காதது, ஆனால் எங்கும் குரல் உயர்த்தாதது. விளையாட்டுச் செய்தி எழுத வருகிறவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.