தூரிகையும் கணிப்பொறியும்

சிற்றோவியம் கையில் ஏந்திப் பார்ப்பதற்கென்றே வளர்ந்த கலை. முகலாய அவையில் அது நூலின் ஏடுகளில் வாழ்ந்தது. பார்ப்பவர் விரும்பிய இடத்தில் விழியை நிறுத்தினார். 1969இல் லாகூரில் பிறந்த ஷாஸியா சிக்கந்தர், அந்நகரின் தேசியக் கலைக் கல்லூரியில் அக்கலையை மரபு வழுவாது பயின்றவர். 2003இல் ‘ஸ்பின்’ என்னும் படைப்பில், தம் கைவரை ஓவியங்களையே கணிப்பொறியில் ஏற்றி அசையவிட்டார். முகலாய அரசவை மண்டபத்தைக் கோபியர் கூட்டம் நிறைக்கிறது. பின்னர் அவர்தம் கூந்தல் மட்டும் தலைவிட்டுப் பிரிந்து, கரும்பறவைத் திரளென எழுந்து சுழல்கிறது! அசையாத் தாள் இவ்வுருமாற்றத்தைத் தந்திருக்க இயலாது. எனினும் மூலக்கோடு கை இட்ட கோடே. எந்திரம் கலையைக் கொன்றுவிடும் என அஞ்சுவோர் (நம்மிடையே அவர்கள் குறைவல்லர்) இதனை ஒருமுறை காண்பது நன்று.

2013ஆம் ஆண்டு ஷார்ஜா கலை விழாவில் இடம்பெற்ற ‘பாரலாக்ஸ்’ குறித்து அவ்வளவு மகிழ இயலவில்லை. ஹோர்முஸ் நீரிணையைக் களமாகக் கொண்ட அப்படைப்பு சுவரளாவி விரிகிறது. அதே கூந்தல் இங்கே எண்ணற்ற துகள்களாய்ப் பெருகிச் சிதறுகிறது. வியப்பூட்டும் காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பார்க்கும் வேகத்தை இங்கே எந்திரமே வகுக்கிறது. நுணுக்கமான ஓரிடத்தில் விழி தங்க எண்ணும்போதே படம் கடந்து போய்விடுகிறது.